பழைய விண்டோஸ் 98 கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிட்ட தமிழ் ஃபைலை எல்லாம் பத்திரமா வெளிய எடுக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

எங்க பெரியப்பா தமிழ் வாத்தியாரு, புதுக்கோட்டை பக்கம், ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. 2000-ல ஒரு அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் வாங்கி, சுத்துப்பட்டு கோயில் கல்வெட்டை எல்லாம் நோட்டுல எழுதிட்டு வந்து ராத்திரி உக்காந்து ஒவ்வொரு வரியா டைப் பண்ணி வச்சிருந்தாரு. 2007 வாக்குல மானிட்டர் போச்சு, அதோட அந்த சிபியு பரண் மேல ஏறிடுச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப என்னைத் தனியா கூப்பிட்டு "தம்பி, அந்தப் பொட்டிக்குள்ள என் ஏழு வருஷ உழைப்பு இருக்குடா, நோட்டு எல்லாம் கரையான் அரிச்சுடுச்சு, இதுல இருந்தாவது எடுக்க முடியுமா பாரு"ன்னாரு. எடுத்தோம். மொத்தம் மூணு வாரம் ஆச்சு, அதுல ஃபைலை காப்பி பண்ண ஆனது ஒரே ஒரு ராத்திரிதான், மீதி எல்லாம் அந்த எழுத்தை மறுபடி தமிழா மாத்துறதுக்கு ஆன நேரம்.

அதனாலதான் இதை எழுதுறேன். பழைய கம்ப்யூட்டர்ல இருந்து டேட்டா எடுக்கிறது பத்தி இங்கிலீஷ்ல நிறைய கிடைக்கும், ஆனா நம்ம ஃபைல்ல இருக்கிற தமிழ், யூனிகோடுக்கு, அதாவது இன்னிக்கு எல்லா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஓடுற பொது எழுத்து முறைக்கு முந்தின காலத்து தமிழ், ஃபைல் மட்டும் வந்து ஃபாண்ட் வரலைன்னா வெறும் குப்பை எழுத்துதான் மிஞ்சும், அதை யாரும் சொல்றதில்ல. வீட்டுல பரண் மேலயோ கட்டிலுக்கு அடியிலயோ இப்படி ஒரு பொட்டி இருந்தா பொறுமையா படிச்சுட்டு அப்புறம் கை வைங்க.

முதல் விஷயம்: ஆன் பண்ணாதீங்க

எல்லாருக்கும் வர்ற முதல் ஆசை, ப்ளக்கை சொருகி ஓடுதான்னு பாக்கலாம்ங்கிறதுதான். வேணாம். 15, 20 வருஷம் சும்மா கிடந்த எஸ்எம்பிஎஸ்-ல, அதாவது உள்ள கரன்ட் குடுக்கிற பெட்டியில என்ன நடக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. 1999-ல இருந்து 2007 வரைக்கும் வந்த மதர்போர்டு நிறைய, கெப்பாசிட்டர் உப்பிப் போற பிரச்சனையில மாட்டினது. உள்ள தூசி, ஈரம், பல்லி முட்டை எல்லாம் இருக்கும். கரன்ட் தாறுமாறா போய் ஹார்டு டிஸ்க்கோட போர்டு போயிடுச்சுன்னா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல.

அதை விட முக்கியமான காரணம், விண்டோஸ் சும்மா பூட் ஆனாலே டிஸ்க்ல எழுத ஆரம்பிச்சிடும். டிஸ்க்கை சோதிக்கிற ஸ்கேன்டிஸ்க் தானா ஓடும், மெமரி பத்தாததுக்கு ஸ்வாப் ஃபைல்னு ஒண்ணு எழுதும், எப்பவோ அழிச்ச ஃபைல் இருந்த இடத்து மேலேயே எழுதிடலாம். வைரஸும் உள்ளேயே தூங்கிட்டு இருக்கலாம். 1998-ல பரவின சிஐஎச் வைரஸ் ஏப்ரல் 26-ம் தேதி ஆனா டிஸ்க்கோட ஆரம்பப் பகுதியை அழிச்சிட்டு, மதர்போர்டுல கம்ப்யூட்டரை எழுப்புற பயாஸையும் கெடுக்கப் பாக்கும், அது ஓடுறதே விண்டோஸ் 95, 98, எம்ஈ-ல மட்டும்தான், அதாவது நம்ம பொட்டியிலதான்.

நமக்கு வேண்டியது கம்ப்யூட்டர் இல்ல, அதுக்குள்ள இருக்கிற டிஸ்க் மட்டும்தான். அதைக் கழட்டி இன்னிக்கு இருக்கிற லேப்டாப்ல மாட்டி படிக்கணும், அவ்வளவுதான் திட்டம்.

டிஸ்க்கை கழட்டுறது

பவர் கேபிள் எதுவும் சொருகி இருக்கக் கூடாது. ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, எந்த வயர் எங்க இருந்துச்சுன்னு தெரியணும். கேபினட்டோட பக்கத்து ஷீட்டை கழட்டினா, முன்பக்கமா ஒரு கூண்டுல ஹார்டு டிஸ்க் உக்காந்திருக்கும், ஒரு சின்ன டிஃபன் பாக்ஸ் அகலம், நல்ல கனம். அதுல இருந்து ரெண்டு கேபிள் போகும். ஒண்ணு சாம்பல் கலர்ல ரிப்பன் மாதிரி அகலமா இருக்கும், அதுதான் ஐடிஇ கேபிள், 40 பின். இன்னொண்ணு நாலு வயர் பவர் கேபிள், மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவுல ரெண்டு கறுப்பு கிரவுண்டு, இதை மோலெக்ஸ்னு சொல்வாங்க. இந்த பவர் கேபிள் இத்தனை வருஷத்துல இறுகிப் போயிருக்கும், வயரை பிடிச்சு இழுக்காதீங்க, பிளாஸ்டிக் தலையை பிடிச்சு லேசா இப்படியும் அப்படியும் அசைச்சு எடுங்க. கூண்டுல ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் எதிர்ப் பக்கத்து ஷீட்டையும் கழட்டினாதான் அது தெரியும்.

கையில எடுக்கிறதுக்கு முன்னாடி கேபினட்டோட பெயிண்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுக்கோங்க, உடம்புல இருக்கிற ஸ்டேட்டிக் போயிடும். டிஸ்க்கை தரையில தொப்புனு வைக்காதீங்க, மடிச்ச துண்டு மேல வைங்க. மேல ஒட்டியிருக்கிற லேபிளையும் போட்டோ எடுங்க, மாடல் நம்பர், சைஸ், ஜம்பர் படம் எல்லாம் அதுல இருக்கும். பெரியப்பாவோடது 20 ஜிபி. அன்னிக்கு அது பெரிய விஷயம், இன்னிக்கு அது மொத்தமும் ஒரு பென் டிரைவ்ல உக்காந்துக்கும், அதனால எதை எடுக்கிறது எதை விடுறதுன்னு யோசிக்கவே வேணாம், முழுசாவே எடுத்துடலாம்.

பழைய லேப்டாப்னா டிஸ்க் சின்னதா, 44 பின்னோட இருக்கும், பவரும் அதே பின்லேயே வந்துடும்.

லேப்டாப்ல இணைக்கிறது

சென்னையில இருக்கிறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் "ஐடிஇ சாட்டா டு யுஎஸ்பி அடாப்டர்"னு கேளுங்க, வெளியூர்னா ஆன்லைன்ல வாங்கலாம். வாங்கும்போது கட்டாயமா தனி பவர் அடாப்டரோட வர்றதா பாத்து வாங்குங்க, ஏன்னா டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், யுஎஸ்பி போர்ட்ல வர்றது 5 வோல்ட்தான். பவர் இல்லாத அடாப்டரை வாங்கிட்டு டிஸ்க் செத்துடுச்சுன்னு முடிவு கட்டினவங்க உண்டு.

அடுத்தது ஜம்பர். ஐடிஇ டிஸ்க்கோட பின்பக்கம் கேபிள் சொருகுற இடத்துக்கும் பவர் இடத்துக்கும் நடுவுல சின்னச் சின்ன பின் இருக்கும், அதுல குட்டியா ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருக்கும். ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க் மாட்டின காலத்துல யாரு மாஸ்டர் யாரு ஸ்லேவ்னு சொல்றதுக்கு வச்சது. அடாப்டர்ல மாட்டும்போது பெரும்பாலும் மாஸ்டர்ல இருக்கணும். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்ல மாஸ்டர் வேற, தனியா இருந்தா சிங்கிள்னு வேற செட்டிங் இருக்கும், லேபிள்ல இருக்கிற படத்தை பாத்து வைங்க. டிஸ்க் சுத்துற சத்தம் கேக்குது ஆனா லேப்டாப்ல ஒண்ணுமே வரலைன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த ஜம்பரைத்தான்.

கேபிளை சொருகும்போது பின்னை பாருங்க, 40 பின்ல நடுவுல ஒரு பின் இருக்காது, கனெக்டர்லயும் அந்த ஓட்டை அடைச்சிருக்கும், அதை வச்சு நேரா சொருகலாம். அழுத்தி திணிச்சு ஒரு பின் வளைஞ்சா கூட பெரிய தலைவலி. டேட்டா, பவர் ரெண்டையும் சொருகிட்டு, பவரை ஆன் பண்ணி, டிஸ்க் சுத்த ஆரம்பிச்சதும் கடைசியா யுஎஸ்பி-யை லேப்டாப்ல சொருகுங்க.

இப்ப காதை கொஞ்சம் கிட்ட வச்சு கேளுங்க. விர்ர்னு சுத்தி சீரா ஓடினா நல்லது. டிக் டிக் டிக்னு ஒரே மாதிரி அடிச்சுக்கிட்டே இருந்தா உடனே பவரை நிறுத்துங்க, உள்ள தட்டைப் படிக்கிற ஹெட் கெட்டுப் போயிருக்கலாம், ஒவ்வொரு நிமிஷமும் தட்டுல கீறல் விழுந்துட்டே இருக்கும். அந்த நிலைமையில டேட்டா முக்கியம்னா கிளீன் ரூம் வச்சிருக்கிற டேட்டா ரெக்கவரி ஆளுங்க கிட்டதான் போகணும். டிஸ்க்கோட மூடியை வீட்டுல திறக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்கிற வேலையும் வேணாம், வெளிய எடுத்ததும் உள்ள வேர்த்து தண்ணி கோத்துக்கும்.

இன்னொண்ணு, லேப்டாப் விண்டோஸா இருந்தா "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணணும், பண்ணலாமா"ன்னு ஒரு பெட்டி வரலாம். கேன்சல் மட்டும்தான் அமுக்கணும். தெரிஞ்சவர் ஒருத்தர் கடையில டிஸ்க்கை குடுத்திருந்தாரு, அங்க இருந்த பையன் அந்தப் பெட்டிக்கு ஓகே குடுத்துட்டான், அவரோட கல்யாண போட்டோ மொத்தமும் போச்சு.

ஃபைலை காப்பி பண்ணாதீங்க, இமேஜ் எடுங்க

இது எனக்கு ரொம்ப முக்கியமான இடம். டிஸ்க் தெரிஞ்சதும் மை டாக்குமெண்ட்ஸை இழுத்து டெஸ்க்டாப்ல போட்டுட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பழைய டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் உயிரோட இருக்கும்னு தெரியாது, அதனால அது ஓடுற முதல் தடவையே ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு பைட்டையும் அப்படியே ஒரு பெரிய ஃபைலா எடுத்துடணும், அதுதான் இமேஜ். அப்புறம் தேடுறது, திறக்கிறது, தப்பு பண்றது எல்லாத்தையும் அந்த இமேஜ்லதான் பண்ணணும், அசல் டிஸ்க்கை கழட்டி பத்திரமா வச்சிடணும். விண்டோஸ் லேப்டாப்ல சும்மா சொருகினாலே அது தன்னோட சிஸ்டம் ஃபோல்டரை எல்லாம் அந்த டிஸ்க்ல எழுதி வைக்கும், அதனால நான் உபுண்டுவை பென் டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம "ட்ரை" மட்டும் பண்ணி அதுல இருந்து எடுத்தேன்.

உபுண்டுவில டிஸ்க்ஸ்னு ஒரு அப்ளிகேஷன் இருக்கு. அதைத் திறந்தா இடது பக்கம் டிஸ்க் எல்லாம் வரிசையா தெரியும், சைஸை பாத்து உங்க பழைய டிஸ்க் எதுன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை உறுதி பண்ணிக்கோங்க. மெனுவுல "கிரியேட் டிஸ்க் இமேஜ்" இருக்கும், பக்கத்துலேயே "ரீஸ்டோர் டிஸ்க் இமேஜ்"னும் இருக்கும், ரெண்டாவதை தொட்டுடாதீங்க, அது திருப்பி எழுதுற வேலை. சேமிக்கிற இடம் ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கா இருந்தா அது ஃபேட்32-ல ஃபார்மேட் ஆனதா இருக்கக் கூடாது, ஃபேட்32-ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை எழுத முடியாது, 20 ஜிபி இமேஜ் பாதியில நின்னுடும். எக்ஸ்ஃபேட் இல்லன்னா என்டிஎஃப்எஸ் இருந்தா சரி.

டிஸ்க்ல அங்கங்க பேட் செக்டர், அதாவது படிக்க முடியாம கெட்டுப் போன இடம் இருக்கு, காப்பி நடுவுல நிக்குதுன்னா டிடிரெஸ்க்யூன்னு ஒரு டூல் இருக்கு, குனூ திட்டத்தோடது, இலவசம். அது முதல் சுத்துல நல்லா இருக்கிற இடத்தை எல்லாம் வேகமா வாரி எடுத்துட்டு, கெட்ட இடத்தை தாண்டிப் போயிடும், அப்புறம் திரும்பி வந்து கெட்ட இடத்தை கொஞ்சம் கொஞ்சமா முயற்சி பண்ணும். எது எடுத்தாச்சு எது எடுக்கலைன்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், அதனால கரன்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். கமாண்ட் அடிச்சு ஓட்டணும், எது எடுக்கிற டிஸ்க் எது போடுற இடம்ங்கிறதை மாத்தி அடிச்சா எல்லாம் அழிஞ்சிடும், பழக்கம் இல்லன்னா பழக்கம் இருக்கிற ஒருத்தரை பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. லினக்ஸே வேணாம்னு நினைக்கிறவங்க விண்டோஸ்ல எஃப்டிகே இமேஜர் வச்சு எடுக்கலாம், அதுவும் இலவசம்தான்.

இமேஜ் வந்ததும் அதை ரெண்டு இடத்துல காப்பி பண்ணுங்க. பெரியப்பா டிஸ்க்ல கடைசிப் பக்கமா கொஞ்சம் பேட் செக்டர், ராத்திரி முழுக்க ஓட விட்டோம், காலையில பாத்தா ஏறக்குறைய எல்லாமே வந்திருந்துச்சு, அவரு காப்பி டம்ளரோட பக்கத்துல வந்து நின்னு "வந்துடுச்சா"ன்னு கேட்டதுக்கு, எழுத்தை தமிழா மாத்துற வேலை பாக்கி இருந்ததால, அப்ப நான் சொன்ன பதில் "பாதி வந்துடுச்சு பெரியப்பா"ங்கிறதுதான்.

எங்கெங்க தேடணும்

இமேஜை திறக்க லினக்ஸ்ல டபுள் கிளிக் பண்ணா மவுன்ட் ஆயிடும், விண்டோஸ்ல 7-ஜிப் வச்சே திறந்து உள்ள இருக்கிறதை பாக்கலாம். மை டாக்குமெண்ட்ஸ் எல்லாரும் பாப்பாங்க. ஆனா விண்டோஸ் 98-ல டெஸ்க்டாப் எங்க இருக்கும்னா, சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்கு உள்ளேயே டெஸ்க்டாப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல. "விண்டோஸ் ஃபோல்டர் தானே, சிஸ்டம் ஃபைல்தான் இருக்கும்"னு அதை விட்டுட்டுப் போறவங்கதான் அதிகம். பெரியப்பாவோட பாதிக் கட்டுரை அங்கதான் கிடந்துச்சு.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல மெயில் வச்சிருந்தா, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள அப்ளிகேஷன் டேட்டா, அதுக்குள்ள ஐடென்டிட்டீஸ், அதுக்குள்ள ஒரு நீளமான நம்பர் பேர்ல ஃபோல்டர், அதுக்கும் உள்ள டிபிஎக்ஸ்னு முடியுற ஃபைலா இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி-னா டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் கீழ, லோக்கல் செட்டிங்ஸ்க்குள்ள, அதுவும் மறைச்சு வச்சிருக்கும், ஹிட்டன் ஃபைலை காட்டுன்னு செட்டிங் மாத்தினாதான் தெரியும். டி டிரைவ், ஈ டிரைவ்னு பிரிச்சிருந்தா அதையும் விடாதீங்க. சாஃப்ட்வேர் சில சமயம் தன்னோட ஃபோல்டருக்குள்ளேயே டேட்டாவை வச்சுக்கும், ப்ரோக்ராம் ஃபைல்ஸையும் ஒரு தடவை துழாவுங்க.

வெளிய எடுக்கும்போது ஃபைலோட தேதி மாறாம எடுங்க. எந்தக் கல்வெட்டை எந்த வருஷம் டைப் பண்ணாருங்கிறது அந்தத் தேதியை வச்சுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. 1980-ம் வருஷத் தேதி போட்ட ஃபைல் இருந்தா பயப்படாதீங்க, அந்தக் காலகட்டத்துல மதர்போர்டு பேட்டரி தீந்து போய் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

ஃபாண்ட் ஃபோல்டர், இதை மறந்தா எல்லாம் போச்சு

சி டிரைவ், விண்டோஸ், ஃபாண்ட்ஸ். இந்த ஃபோல்டரை முழுசா, ஒண்ணு விடாம எடுத்துக்கோங்க.

ஏன்னா விண்டோஸ் 98-க்கு தமிழ்னு ஒரு மொழி இருக்கிறதே தெரியாது. விண்டோஸ் 2000-ல லதா ஃபாண்ட்டோடதான் யூனிகோடு தமிழ் உள்ள வந்துச்சு. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க பண்ணது என்னன்னா, இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் எழுத்தோட உருவத்தை வரைஞ்சு வச்சாங்க. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்க அடிக்கிறது இங்கிலீஷ், கண்ணுக்குத் தெரியுறது தமிழ். பாமினி ஃபாண்ட்ல "தமிழ்"னு அடிச்ச ஃபைலுக்குள்ள உண்மையில இருக்கிறது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். "அம்மா"ன்னா எம், கே, செமிகோலன், கே, எச். ஃபாண்ட் இருந்தா அம்மா, இல்லன்னா யாருக்கும் புரியாத அஞ்சு குறி.

பாமினி மட்டும்னா கூட பரவால்ல. டிஸ்கின்னு ஒண்ணு, 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுல வந்த டாம், டாப்னு ரெண்டு, வானவில், ஸ்ரீலிபி, மயிலைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடுக்கு, அதாவது எந்த இடத்துல எந்த தமிழ் எழுத்துங்கிற வரிசை, ஒரு பத்திரிகைக்கு ஒரு ஃபாண்ட்னு கூட இருந்துச்சு. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ங்கிற இன்னொரு தமிழ் எழுத்து முறையையும் தரமா அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடி அடிச்சது எல்லாம் இப்படி சிதறிக் கிடக்கு. உங்க ஃபைல் எந்த அடுக்குன்னு தெரிஞ்சாதான் மாத்த முடியும், அதைச் சொல்ற ஒரே சாட்சி அந்த ஃபாண்ட்ஸ் ஃபோல்டர்தான்.

டிடிபி வேலை, அதாவது அச்சுக்கு பக்கம் அமைக்கிற வேலை பண்ணவங்க கம்ப்யூட்டரா இருந்தா சி டிரைவ்ல பிஎஸ்ஃபாண்ட்ஸ்னு இன்னொரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. பேஜ்மேக்கர் ஆளுங்க டைப் 1-ங்கிற பழைய வகை ஃபாண்ட்டை அடோபி டைப் மேனேஜர் வழியா அங்கதான் போட்டு வைப்பாங்க. இன்னிக்கு லிப்ரேஆபீஸ், அடோபி ரெண்டுலயும் டைப் 1 ஓடாது, ஃபாண்ட்ஃபோர்ஜ்ங்கிற ஃபாண்ட் சாஃப்ட்வேர் வச்சு மாத்திக்கணும். பிரிண்டர் போர்ட்ல சொருகுற டாங்கிள், சாஃப்ட்வேருக்கு சாவி மாதிரி ஒரு சின்ன கட்டை, ஏதாவது பின்னாடி இருந்தா அதையும் தூக்கிப் போடாதீங்க, சில தமிழ் டிடிபி சாஃப்ட்வேர் அது இல்லாம திறக்கவே திறக்காது.

யூனிகோடுக்கு மாத்துறது

வேர்டு ஃபைல்ல வேலை சுலபம். பழைய ஃபாண்ட்டை லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணிட்டு ஃபைலை திறந்தா தமிழ் தெரியும், தமிழ் எழுத்து மேல கர்சரை வச்சா ஃபாண்ட் பேரும் தெரிஞ்சிடும். இப்ப வர்ற வேர்டு, வேர்டு 95-க்கு முந்தின ஃபைலை பாதுகாப்புக்காக தடுத்து வச்சிருக்கும், லிப்ரேஆபீஸ்ல அது திறக்கும். பேஜ்மேக்கர், கோரல்டிரா ஃபைலைக் கூட லிப்ரேஆபீஸ் டிரா ஓரளவு திறக்கும், லே-அவுட் கொஞ்சம் கலையும் ஆனா எழுத்து வந்துடும். ஃபாக்ஸ்புரோவுல போட்ட டிபிஎஃப் டேட்டா ஃபைல்னா லிப்ரேஆபீஸ் கால்க்ல திறங்க.

சிக்கல் நோட்பேட் ஃபைல்ல. அதுல ஃபாண்ட் பேர் இருக்காது. கண்ணால பாத்து கண்டுபிடிக்கணும். சாதா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும் நிறைய தெரிஞ்சா பாமினி வகையா இருக்கும். மேல கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும், முக்கால் குறியும் சென்ட் குறியும் வந்தா வேற அடுக்கு, டிஸ்கியில "தமிழ்"னு அடிச்சது முக்கால் குறி, கோடு போட்ட ஏ, சென்ட் குறி, கோடு போட்ட யூன்னு தெரியும். இதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நானே விழுந்தேன். இந்த மாதிரி ஃபைலை இன்னிக்கு இருக்கிற எடிட்டர்ல திறந்தா அது யூடிஎஃப்-8, அதாவது யூனிகோடு ஃபைல்னு நினைச்சுக்கிட்டு எல்லா எழுத்தையும் கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறியா காட்டும், அப்ப சேவ் கொடுத்துட்டா உள்ள இருந்த எழுத்தே அந்தக் கேள்விக்குறியா மாறிடும், திரும்பவே திரும்பாது. ஒரு கட்டுரையை நான் அப்படித்தான் அழிச்சேன், இமேஜ் கையில இருந்ததால மறுபடி எடுத்தேன். திறக்கும்போதே என்கோடிங்ல விண்டோஸ்-1252, அதாவது வெஸ்டர்ன்னு தேர்ந்தெடுத்து திறங்க.

மாத்துறதுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கு, நிறைய பேர் பயன்படுத்தினது. பைத்தான் தெரிஞ்ச பிள்ளைங்க வீட்டுல இருந்தா ஓப்பன்-தமிழ் நூலகத்துல இருபதுக்கு மேல பழைய அடுக்கை யூனிகோடா மாத்துற வசதி இருக்கு, நூத்துக்கணக்கான ஃபைல் இருக்கிறவங்களுக்கு அதுதான் வழி. ஒண்ணு ரெண்டு பக்கம்னா பிரவுசர்லேயே ஒட்டி மாத்துற பக்கங்கள் இருக்கு, ஆனா குடும்ப விஷயம், கணக்கு வழக்கு இருக்கிற ஃபைலை அங்க ஒட்டாதீங்க.

முழு ஃபைலையும் ஒரே அடியா மாத்தக் கூடாது. நடுவுல வர்ற இங்கிலீஷ் வார்த்தையும் தமிழ்னு நினைச்சு மாத்திடும். பாமினியில கமா இருக்கிற இடத்துலதான் "இ" இருக்கு, அதனால இங்கிலீஷ் வாக்கியத்துல இருந்த கமா எல்லாம் "இ" ஆகி நிக்கும். வேர்டுல ஒரே மாதிரி ஃபார்மேட் இருக்கிறதை மட்டும் செலக்ட் பண்ற வசதி இருக்கு, அதை வச்சு தமிழ் ஃபாண்ட்ல இருக்கிறதை மட்டும் எடுத்து மாத்துங்க.

மாத்தினதுக்கு அப்புறம் கண்ணை நல்லா வச்சு படிங்க. பழைய ஃபாண்ட்ல கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அந்த வரிசையிலதான் அடிப்பாங்க, கொம்பு முதல்ல, எழுத்து அடுத்தது, கால் கடைசியில. "கொ"ன்னா மூணு தட்டு. யூனிகோடுல அப்படி இல்ல, க-வுக்கு அப்புறம்தான் அந்த ஒகரக் குறி. கன்வர்ட்டர் இதை மாத்திடும், ஆனா டைப் அடிச்சவங்க நடுவுல ஒரு ஸ்பேஸ் தட்டியிருந்தா கொம்பு தனியா தொங்கும்.

அதை விட அதிகமா வர்றது "ர்" தப்பு. பழைய டைப்பிஸ்ட் பழக்கத்துல ர-வுக்கு பதிலா துணைக்காலை அடிச்சு அது மேல புள்ளி வைப்பாங்க, பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், அச்சுல வித்தியாசமே தெரியாது. யூனிகோடா மாறினதும் "அவர்"ங்கிறது "அவா்" ஆயிடும். கண்ணுக்கு சரியா தெரியலாம், ஆனா "அவர்"னு தேடினா கிடைக்காது. தமிழ்ல எங்கயும் காலுக்கு மேல புள்ளி வராதுங்கிறதால இதை மொத்தமா ஃபைண்ட் ரீப்ளேஸ் பண்ணிடலாம், தைரியமா பண்ணுங்க. ஆனா "ஔ" விஷயத்துல அப்படி பண்ண முடியாது. "கௌரி"ய பல பேரு கொம்பும் ள-வும் போட்டு "கெளரி"ன்னு அடிச்சிருப்பாங்க, அதை மொத்தமா மாத்தினா "வெளி", "வெள்ளி" எல்லாம் கெட்டுப் போயிடும். ஒவ்வொண்ணா பாத்துதான் மாத்தணும். கல்வெட்டுல கௌதமன், கௌண்டன், ஸ்ரீ எல்லாம் நிறைய வந்துச்சு, பெரியப்பாவே கண்ணாடிய போட்டுக்கிட்டு உக்காந்து ஒவ்வொரு ஃபைலையும் பழைய ஃபாண்ட்ல தெரியுற அசல் ஃபைலோட வச்சுப் பாத்து சரி சொன்னாரு, மூணு வாரம் ஆனது இதுக்குத்தான். எழுதினவங்க இருக்கும்போதே இந்த வேலையை பண்ணிடுங்க, "இந்த இடத்துல கல்லு சிதைஞ்சிருந்துச்சு, அதான் புள்ளி வச்சேன்"னு அவங்களால மட்டும்தான் சொல்ல முடியும்.

மாத்தினதை யூனிகோடு ஃபைலா ஒண்ணு, பழைய ஃபாண்ட்டை உள்ள பதிச்ச பிடிஎஃப்-ஆ ஒண்ணுன்னு ரெண்டா வைங்க. நாளைக்கு கன்வர்ட்டர்ல ஏதோ தப்புன்னு சந்தேகம் வந்தா அன்னிக்கு அடிச்சது எப்படி இருந்துச்சுன்னு பிடிஎஃப்-ல பாத்துக்கலாம்.

ஃப்ளாப்பியும் சிடியும்

3.5 இஞ்ச் ஃப்ளாப்பிக்கு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் கிடைக்குது, 1.44 எம்பி-தான் ஒண்ணொண்ணும். போடுறதுக்கு முன்னாடி மூலையில இருக்கிற சின்ன கதவை நகத்தால தள்ளி ஓட்டை தெரியுற மாதிரி வைங்க, அப்ப எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். அப்புறம் இரும்பு ஷட்டரை நகத்தி உள்ள இருக்கிற கறுப்பு தட்டைப் பாருங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு வெள்ளையா பூஞ்சை பூத்திருந்தா அப்படியே டிரைவ்ல போடக் கூடாது, அந்தப் பூஞ்சை ஹெட்ல ஒட்டி அடுத்து போடுற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால மெதுவா துடைச்சு, நல்லா காய விட்டு அப்புறம் போடுங்க. சிடி ஒரு டிரைவ்ல படிக்கலைன்னா இன்னொரு டிரைவ்ல போட்டுப் பாருங்க, பல சமயம் படிச்சிடும்.

அந்த சாஃப்ட்வேர்லதான் திறக்கும்னா

சில ஃபைல் பழைய சாஃப்ட்வேர் இல்லாம திறக்காது. அதுக்கும் பழைய பொட்டியை ஓட்ட வேணாம். நீங்க எடுத்த இமேஜோட ஒரு காப்பியை 86பாக்ஸ் மாதிரி எமுலேட்டர்ல, அதாவது பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்ல போட்டா விண்டோஸ் 98 அப்படியே லேப்டாப்ல ஒரு ஜன்னலுக்குள்ள எழும்பும். புது ஹார்டுவேர்னு சொல்லி விண்டோஸ் சிடி கேக்கும், பல அசெம்பிள்ட் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள கேப்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல அந்த ஃபைல் எல்லாம் இருக்கும், அதைக் காட்டுங்க. டாஸ் காலத்து சாஃப்ட்வேர்னா டாஸ்பாக்ஸ் போதும்.

டாங்கிள் மாதிரி காரணத்தால வேற வழியே இல்லாம பழைய பொட்டியைத்தான் ஓட்டணும்னா, இமேஜ் எடுத்து முடிச்சதுக்கு அப்புறம் மட்டும் ஓட்டுங்க. எஸ்எம்பிஎஸ் பின்னாடி சிவப்பா ஒரு ஸ்விட்ச் இருந்தா அது 230-ல இருக்கணும். காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரியை புதுசா மாத்துங்க. விண்டோஸ் 98-ல பென் டிரைவ் சொருகினா தானா தெரியாது, ஒவ்வொண்ணுக்கும் டிரைவர் வேணும், யுஎஸ்பியும் 1.1 வேகம்தான், 20 ஜிபி எடுக்க அஞ்சாறு மணி நேரத்துக்கு மேல ஓடும்.

எடுத்ததுக்கு அப்புறம்

வந்த ஃபைல் எல்லாத்தையும் ஆன்டிவைரஸ்ல ஒரு தடவை ஓட்டுங்க, பழைய வேர்டு ஃபைல்ல மேக்ரோ வைரஸ் சர்வ சாதாரணம். அப்புறம் மூணு காப்பி. எங்களோடது ஒண்ணு என் எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல, ஒண்ணு கிளவுட்ல, ஒண்ணு கோயம்புத்தூர்ல இருக்கிற அத்தை வீட்டுல பென் டிரைவ்ல. மூணுலயும் இமேஜ், அசல் ஃபைல், ஃபாண்ட்ஸ் ஃபோல்டர், யூனிகோடு, பிடிஎஃப் அஞ்சும் இருக்கு, கூடவே எது எந்த ஃபாண்ட், எந்த அடுக்கு, எப்ப மாத்தினதுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதின ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைலும்.

பழைய கேபினட்டும் மானிட்டரும் இரும்புக் கடைக்கு போட வேணாம், அந்தக் குண்டு மானிட்டர் கண்ணாடியில ஈயம் இருக்கு, மின்கழிவு எடுக்க பதிவு பண்ணினவங்க கிட்ட குடுங்க. அதோட பின்பக்கத்தை நீங்களா கழட்டாதீங்க, ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் உள்ள ஹை வோல்டேஜ் தங்கியிருக்கும். ஹார்டு டிஸ்க்கை மட்டும் குடுக்காதீங்க. பெரியப்பாவோடதை ஆன்டிஸ்டேட்டிக் கவர்ல சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு, மேல அவரு கையாலேயே "கல்வெட்டு, 2000–2007"னு மார்க்கர்ல எழுதி பீரோவுல வச்சிருக்கோம், காப்பி எல்லாம் திறக்குதான்னு வருஷா வருஷம் பொங்கலுக்கு போறப்ப ஒரு தடவை பாக்குறதுன்னு பேசி வச்சிருக்கோம்.